தாம்பரம் சென்னையில் இல்லை

எங்கள் பக்கத்து வீட்டு ஷம்சாத் அக்காவின் வீட்டுக்கு கூகுள் மேப்பில் நாலு ஸ்டார் இருக்கிறது. 'ஷம்சாத் ரெசிடென்சி, இரும்புலியூர்' என்று பெயர். கீழே ஒரே ஒரு விமர்சனம்: 'சாப்பாடு பிரமாதம். ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம். வென்னீர் வரத்தான் நேரமாகிறது.' போட்டவள் சோயா. அக்காவின் தாய்மாமா, மதுரை யாசீனின் பேத்தி. போன மே மாதம் குடும்பத்தோடு வந்து பதினோரு நாள் தங்கி, மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் போகும் ரயிலில் பொழுது போகாமல் அந்தப் பெண் செய்த வேலை இது. விளையாட்டுக்குத்தான் செய்தாள். ஆனாலும் அவள் காதைப் பிடித்துத் திருகவேண்டும் போல எனக்கு இருந்தது.

அக்கா கோபப்படவில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, "ஒரு ஸ்டாரு ஏன் கொறைச்சா ஹேமா?" என்று கேட்டாள். அதுவும் உண்மையான கவலையோடு கேட்டாள்.

"நீ இன்னாக்கா லாட்ஜா நடத்துற? ஒரு கீசர் வாங்கி மாட்டுன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்றதுதானே?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நான் ஹேமாவதி. இரும்புலியூர் எங்கள் சொந்த ஊர். என் மாமனார் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர், அதனால் எங்களுக்கு நிலம் போய் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிடைத்தார்கள். அப்படிக் கிடைத்தவர்களில் உருப்படியானது ஷம்சாத் அக்கா ஒருத்திதான். மதுரையிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள். அவள் வீட்டுக்காரர் நசீருதீன் அண்ணன் ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருக்கிறார். ஒரே பையன் அசார், கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை, மனைவியோடு அங்கேயே குடியிருக்கிறான்.

வீட்டில் இரண்டே பேர். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு உலை வைத்து நான் பார்த்தது அபூர்வம். காரணம் தாம்பரம் ஸ்டேஷன். தெற்கே இருந்து வருகிற ரயில் இங்கே நின்றுதான் போகும். அக்காவின் சொந்தம் முழுக்க மதுரையைச் சுற்றி இருக்கிறது. கண் ஆஸ்பத்திரி, விசா ஆபீஸ், கல்யாணத் துணி, லீவு விட்டால் பிள்ளைகளுக்கு மெரீனா என்று எல்லாக் காரியமும் சென்னையில்தான். எல்லாரும் தாம்பரத்தில் இறங்குவார்கள். முன்கூட்டிச் சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ரயில் செங்கல்பட்டைத் தாண்டும்போது ஒரு போன் வரும். "செங்கல்பட்டு தாண்டிட்டோம், அரிசியைப் போட்டுரு." அவ்வளவுதான். அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கும்போது சோறு வடித்திருக்க வேண்டும். வடித்திருக்கும்.

தங்க இடம், சாப்பாடு இரண்டும் ஆயிற்று, மிச்சம் ஊர் சுற்றுவது. அதற்கும் அக்காதான். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை, தி.நகருக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் கால் மிதிபடும், கடற்கரைக்கு வெயில் தாழ்ந்து போகவேண்டும் என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எந்த ரயில், எந்த பஸ், எங்கே தண்ணீர் பாட்டில் வாங்கக் கூடாது என்பது வரை எழுதி, தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்து அனுப்பிவைப்பாள். அவர்கள் போவார்கள். இவள் இருப்பாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாவு அரைக்க வேண்டுமே. அந்த வீடு கட்டி இருபத்துநாலு வருஷம் ஆகிறது. கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் ஒரு தடவை கூட அதில் ஏறியதில்லை.

நசீர் அண்ணன் நல்லவர், ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. தாம்பரம் என்று சொன்னால் பிடிக்காது, சென்னை என்று சொல்லவேண்டும். அசார் கல்யாணப் பத்திரிகையில் 'இரும்புலியூர்' என்று எறும்பு சைஸில் போட்டு, 'சென்னை - 45' என்று அதன் மேல் கொட்டை எழுத்தில் அடித்தவர். ஆதார் எடுக்கிற இடத்தில், "சென்னைன்னு போடாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்று அரை மணி நேரம் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார். போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்த வாக்காளர் அட்டையில் மட்டும் பாவம் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்று அச்சடித்து வந்தது. நானும் அன்றைக்கு அதே வரிசையில் நின்று அட்டை வாங்கினேன். மனுஷன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கிறுக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவர் யாசீன் மாமா. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, அண்ணன் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு, அண்ணன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "தாம்பரமெல்லாம் சென்னையா மாப்ள? ரயில் தாம்பரத்துல நின்னா, சென்னை வர இன்னும் அரை மணி இருக்குன்னு திரும்பிப் படுத்துக்கிற ஊருய்யா இது" என்பார். அண்ணனுக்கு ஏப்பம் பாதியில் நின்றுவிடும். பெண் கொடுத்த வீட்டுப் பெரியவரைத் திட்டவும் முடியாது.

ஸ்டார் விவகாரம் நடந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "ஹேமா, ரெண்டு நாள் நான் விருந்தாளியா இருக்கணும்."

"எங்க? மதுரைலயா?"

"அய்யோ, அங்க போனா 'ஷம்சாத் வந்துட்டா, அவ கையால பிரியாணி சாப்பிட்டு எத்தனை நாளாச்சு'ம்பாங்க. நான் மெட்ராஸ் பாக்கணும். ஓட்டல்ல ரூம் போட்டு, ரெண்டு ராத்திரி. காலைல எந்திரிச்சா வேற யாரோ ஊத்தின தோசை, சூடா, என் தட்டுல வந்து விழணும். நான் உக்காந்துகிட்டே இருக்கணும். அவ்ளோதான்."

இவ்வளவு சின்ன ஆசையை இவ்வளவு வருஷம் ஒருத்தி வைத்திருந்தாளே என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் துளசிங்கத்திடம் சொன்னபோது அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. "டிரெய்ன் ஏறுனா முக்கா மணி நேரத்துல போயிட்டு வந்துடலாம். அதுக்குப் போயி ரூம் போடுவாங்களா? இன்னா பேஜாரும்மா இது?" என்றார். அவருக்குத் தோசை எப்போதும் தட்டில்தான் வந்து விழுகிறது.

அதற்கப்புறம் ஒரு மாதம் அக்கா போட்ட திட்டம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக் கூட யாரும் அப்படி மெனக்கெட மாட்டார்கள். அசார் தன் போனிலேயே ஓட்டல்களைக் காட்டினான். அவள் நம்பவில்லை. "படத்துல எல்லா மெத்தையும் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஓட்டலாகத் தானே கூப்பிட்டாள். எழும்பூர், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று ஒன்று விடவில்லை. வாடகை எல்லாம் பிறகு, முதல் கேள்வி, "வென்னீர் எத்தனை நிமிஷத்துல வரும்?" ஒரு ஓட்டல்காரர் இவள் ஏதோ கார்ப்பரேஷன் ஆபீசிலிருந்து சோதனைக்கு வரப்போகிற அம்மா என்று நினைத்து, போனிலேயே எழுந்து நின்று பதில் சொன்னாராம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருக்கிற லாட்ஜைக் கூட விடவில்லை. "அங்க நாலே நிமிஷமாம் ஹேமா!" என்று ஆச்சரியப்பட்டாள். எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏறியது.

கடைசியில் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முடிவானது. பெயர் வேண்டாம், அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன். புதன் மத்தியானம் போவது, வெள்ளி காலை திரும்புவது, அண்ணன் ஜும்மா தொழுகைக்கு நம் ஊர்ப் பள்ளிவாசலுக்கே வந்துவிடலாம். புதன் மாலை கடற்கரை, வியாழன் மியூசியம், மாலை கலங்கரை விளக்கம், லிஃப்ட். காலை இரண்டு நாளும் தோசை. பிரியாணி எங்கேயும் கிடையாது, அது அவள் வீட்டுச் சாமான். சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது கூட வருவார்கள் என்று பயம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற சாவி மட்டும் என்னிடம் வந்தது.

புதன்கிழமை பன்னிரண்டரைக்குக் கிளம்பினார்கள். அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். போனை சைலன்டில் போட்டு என் கண் முன்னால் பையின் அடியில் வைத்தாள். பெட்டியைப் பார்த்து ஆட்டோக்காரர், "ஊருக்கா சார்?" என்று கேட்டார். அண்ணன் திணறிப்போனார். சென்னைக்குப் போகிறோம் என்று எப்படிச் சொல்வார்? இத்தனை வருஷம் சென்னையில்தானே குடியிருக்கிறார். "சும்மா, டவுனுக்கு" என்று முனகிவிட்டு ஏறிக்கொண்டார்.

இரண்டு மணி இருக்கும். அக்காவிடமிருந்து வீடியோ கால் வந்தது. ஓட்டல் வரவேற்பறையில் இருக்கிற மீன் தொட்டியைக் காட்டுவதற்காக. "பாரு ஹேமா, இந்த மீனைப் பாரு, மூஞ்சி அப்படியே எங்க யாசீன் மாமா" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் பேச்சு நின்றது. போன் மேஜையில் படுத்துவிட்டது போல, எனக்குக் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. குரல்கள் நன்றாகக் கேட்டன.

"சார், இது லோக்கல் ஐடி சார்." வரவேற்பில் இருந்த ஹர்ஷா என்கிற பையனின் குரல். பெயரை அண்ணன் பிறகு சொன்னார், சட்டையில் குத்தியிருந்ததாம். "சென்னை அட்ரஸ் இருந்தா கப்பிள்ஸுக்கு ரூம் குடுக்கறதில்ல சார். ஹோட்டல் ரூல்."

"கப்பிள்ஸா? தம்பி, எனக்கு அம்பத்தெட்டு வயசு."

"ஏஜ் லிமிட்லாம் எதுவும் இல்ல சார். லோக்கலா இருக்கக் கூடாது, அவ்ளோதான்."

"பையனுக்கே கல்யாணம் ஆயிடுச்சுப்பா!"

"நான் நம்பறேன் சார். மேனேஜர் நம்பணுமே. சொந்தமா ஊர்ல வீடு இருக்கறவங்க எதுக்கு ரூம் கேக்கறாங்கன்னு கேப்பாரு."

"புக் பண்ணும்போது சொல்லலியே?"

"மேடம் போன்ல வென்னீரப் பத்தி மட்டும்தான் சார் கேட்டாங்க."

பிறகு அக்காவின் குரல், "பரவால்லங்க. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்." அழவில்லை. சோறு குழைந்துவிட்டால் என்ன குரலில் சொல்வாளோ அதே குரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீட்டுக்குள் நின்றபடியே கத்தினேன். "நசீர்ணா! உன் பழைய வோட்டர் ஐடி எங்க கீது? அதுல காஞ்சிபுரம் மாவட்டம்னு போட்டுகீது இல்ல? நானும்தானே லைன்ல நின்னேன்!"

அங்கே ஒரு கனைப்பு. "அது... எங்க போச்சோ தெரியல."

"ஏங்க!" என்றாள் அக்கா.

"பீரோவுல," என்றார் அண்ணன் மெதுவாக. "அடித்தட்டுல. பேப்பர் விரிச்சிருக்கும் பாரு, அதுக்குக் கீழ."

திருட்டுநகை மாதிரி ஒளித்து வைத்திருக்கிறார் மனுஷன். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்து, பீரோவைத் திறந்து, புடவைகளைத் தள்ளி, விரிப்பைத் தூக்கினால் அட்டை இருந்தது. கூடத்து மேஜையில் அண்ணனின் போன் சார்ஜரில் கிடந்தது, எடுத்துப் போக மறந்திருக்கிறார். அதில் ஒன்பது மிஸ்டு கால். யாரென்று பார்க்க நேரமில்லை. அட்டையைப் படம் எடுத்து அக்கா நம்பருக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

வாசலில் யாசீன் மாமா நின்றுகொண்டிருந்தார். பின்னால் மாமி, சோயா, சோயாவின் அம்மா அப்பா, நாலு பெட்டி, ஒரு மாம்பழக் கூடை.

"என்னம்மா, செங்கல்பட்டுல இருந்து போன் போடுறேன், ஷம்சாதும் எடுக்கல, மாப்ளையும் எடுக்கல. அரிசி போட்டாச்சுல்ல?" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்து, சோபாவில் உட்கார்ந்து, மின்விசிறியைப் போட்டுக்கொண்டார். கதவைத் திறந்து வைத்தவள் நான். என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாயைத் திறப்பதற்குள் என் கையிலிருந்த போனில் ஹர்ஷாவின் குரல் கேட்டது. ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"காஞ்சிபுரம் மாவட்டம்... ஓகே சார். ஆனா தாம்பரம் சென்னைதானே? உங்க ஆதார்லயே அப்படித்தான போட்டிருக்கு?"

யாசீன் மாமா காதைத் தீட்டிக்கொண்டார்.

"இல்ல தம்பி," என்றார் அண்ணன். குரல் எழும்பவே இல்லை.

"என்ன சார்?"

பிறகு அக்கா சொன்னாள், அண்ணன் அப்போது அவள் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாராம். மீன் தொட்டிப் பக்கத்தில், பெட்டியைப் பிடித்தபடி, அந்த விசேஷப் புடவையில் நிற்கிறவளை. அப்புறம்தான் அந்தக் குரல் வந்தது. இரும்புலியூர் வரை கேட்டது.

"தாம்பரம் சென்னை இல்லப்பா! மாவட்டமே வேற. இப்ப அது தனி மாநகராட்சி, மேயர் கூட வேற. ஆதார்ல சென்னைன்னு சொல்லி எழுத வெச்சது நான்தான். தப்பு என்னுது. நாங்க வெளியூரு. சென்னை பாக்க வந்திருக்கோம். ரூம் குடு!"

யாசீன் மாமா கைதட்டிவிட்டார். "அப்படிச் சொல்லு மாப்ள! இருபது வருஷமா இதைத்தானே நானும் சொல்றேன்!"

போன் மேஜையிலிருந்து எழுந்தது. திரை முழுக்க அக்காவின் முகம்.

"மாமா?"

"வந்துட்டோம்லம்மா. நீ எங்க இருக்க? சீக்கிரம் வா, பிள்ளைக பசியில கெடக்குதுக."

பின்னால் அண்ணன் பெருமூச்சு விடுவது தெரிந்தது. "வா ஷம்சாத்," என்றார். "மாமா வந்துட்டாரு, என்ன பண்றது? இன்னொரு நாள் பாத்துக்கலாம்." நானே அவர்களுக்குச் சோறு போட்டுவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் போட்டாலும் அக்கா அங்கே உட்கார்ந்து சாப்பிடமாட்டாள், ஓடி வந்துவிடுவாள். அவள் முகம் எனக்குத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து போன் வந்ததும் அரிசிப் பானைப் பக்கம் திரும்புகிற முகம். இருபத்துநாலு வருஷம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறேன். போச்சு, இரண்டு நாளும் போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஹர்ஷா ஒரு சாவியை மேஜையில் வைத்தான். "ரூம் டூ நாட் ஃபோர், மேடம். வென்னீர் எந்நேரமும் வரும்."

அக்கா சாவியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள்.

"மாமா, நாங்க சென்னைக்கு வந்திருக்கோம்" என்றாள்.

"நாங்களும் சென்னைக்குத்தானேம்மா வந்திருக்கோம்."

"இல்ல மாமா, நீங்க தாம்பரத்துக்கு வந்திருக்கீங்க. இப்பதானே கைதட்டுனீங்க?"

சோயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க வெள்ளிக்கிழமை காலைல வந்துடுவோம் மாமா. ஜும்மா முடிஞ்சு எல்லாருக்கும் நம்ம வீட்டுல சாப்பாடு, பிரியாணி நானே போடறேன். அதுவரைக்கும் ஸ்டேஷன் எதிர்ல ஒரு லாட்ஜ் இருக்கு. நம்பர் அடுப்பங்கரைல காலண்டர் தாள்ல எழுதி வெச்சிருக்கேன், ஹேமா குடுப்பா. சோயாகிட்ட சொல்லுங்க, அங்க வென்னீர் நாலே நிமிஷத்துல வந்துடும்."

மாமா சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். "லாட்ஜா? நாங்களா? இப்படித் திடுதிப்புனு போய் நின்னா எவன் ரூம் குடுப்பான்?"

அக்கா அதற்குத்தான் காத்திருந்த மாதிரி, பொறுமையாக, விருந்தாளிகளுக்கு பஸ் நம்பர் சொல்கிற அதே குரலில் கேட்டாள்.

"உங்க ஆதார் மதுரைதானே மாமா? கவலைப்படாதீங்க, உங்களுக்குக் கேள்வியே கேக்காம குடுப்பாங்க."